மாடியறைச் சிபியுவும் உப்புக்காற்றும்

குளச்சலில் கடலுக்கு அரை கிலோமீட்டர் தள்ளி எங்கள் வீடு. மாடியில் ஒற்றை அறை, தலைக்கு மேல் வெறும் கான்கிரீட் தளம். கல்யாண வீடியோ எடிட்டிங் எல்லாம் அந்த அறையில்தான். 2020 ஆகஸ்டில் உதிரிபாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி நானே பூட்டிய சிஸ்டம்: ரைசன் 5 3600 ப்ராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வீட்டில் எல்லாருக்கும் அந்தப் பெட்டி மொத்தமும் ‘சிபியு’தான். உள்ளே இருக்கும் ப்ராசசர் மட்டும்தான் சிபியு என்று திருத்திப் பார்த்தேன், நடக்கவில்லை. இங்கேயும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

தவக்காலத்தில் எங்கள் கோயில்களில் கல்யாணம் வைப்பதில்லை. ஈஸ்டர் முடிந்ததும் மொத்தமாகக் கொட்டும். 2022-இல் ஈஸ்டர் ஏப்ரல் 17. அடுத்த வாரத்திலிருந்தே சிஸ்டம் படுத்த ஆரம்பித்தது. வெட்டி ஒட்டியதை ஒரே வீடியோ ஃபைலாக்குவதை ரெண்டர் என்பார்கள். டிசம்பரில் 40 நிமிடத்தில் முடிந்த ஹைலைட்ஸ் ரெண்டர் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. விசிறி இரைச்சல் கீழே சமையலறை வரை கேட்டது. பத்து நாள் கழித்து இன்னொரு கோளாறும் சேர்ந்துகொண்டது. வேலை நடுவே திரை கறுக்கும், தானாக ரீஸ்டார்ட் ஆகும். இரண்டும் ஒரே நோய் என்று முடிவுகட்டி, ‘சூடு’ என்று அதற்குப் பெயரும் வைத்தேன். அந்த முடிவால் போன தூக்கம் கொஞ்சமல்ல.

முதலில் செய்தது சரியான காரியம்தான். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு ரெண்டர் ஓடும்போது பார்த்தேன். ப்ராசசர் 95 டிகிரியில் நின்றது. 3600-க்கு அதுதான் உச்சவரம்பு. அந்த இடம் வந்ததும் அது எரிந்துபோகாமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ரெண்டர் இழுத்தது அதனால்தான். சும்மா இருக்கும்போதும் 45-க்கும் 60-க்கும் நடுவே எண் துள்ளியதைப் பார்த்துப் பயந்தேன். அந்த வரிசை ப்ராசசர்களின் இயல்பே அது, அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பிறகு 200 ரூபாய்க்கு ஒரு அறை வெப்பமானி வாங்கி மேசை ஓரத்தில் தொங்கவிட்டேன். இந்தக் கதையிலேயே நான் வாங்கிய உருப்படியான பொருள் அதுதான். இரவு ஒன்பது மணிக்கு 33 டிகிரி. பகல் வெயிலைக் குடித்த தளம் ராத்திரியில் அதைக் கக்கிக்கொண்டிருந்தது. ப்ராசசர்மேல் உட்கார்ந்து அதைக் காற்றால் குளிர்விக்கும் எந்தக் கூலரும் அறையின் வெப்பத்துக்குக் கீழே போகாது. ஒரே வேலைக்கு, அறையைவிட இத்தனை டிகிரி கூடுதல் என்ற கணக்கு ஏறக்குறைய மாறாது. வெளிநாட்டு விமர்சகர் 21 டிகிரி அறையில் உட்கார்ந்து ‘70 டிகிரிதான் வந்தது’ என்றால், எனக்கு அது 82. யூட்யூபில் கண்ட எண்ணை நம் வீட்டு எண்ணோடு ஒப்பிட்டு மனம் உடையும் முன், இரண்டிலிருந்தும் அறை வெப்பத்தைக் கழித்துவிடுங்கள்.

செலவில்லாத வைத்தியம் கண்ணெதிரில் இருந்தது. கம்ப்யூட்டர் மேசையில் சிபியு வைக்கவென்றே ஒரு மரக்கூடு இருக்குமே, கதவெல்லாம் போட்டு? அதற்குள்தான் இரண்டு வருடம் வைத்திருந்தேன். வெளிவிடும் சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு பலகைமேல் வைத்ததும் 95 என்பது 86 ஆனது. கேபினட்டின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, ஓரத்தில் விரலளவு சந்தில்தான் காற்று போகும். அழகைப் பார்த்து வாங்கியதன் பலன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நைலான் வலை ஒட்டினேன், 82. முன்னால் இரண்டு விசிறி உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளித்தள்ள. எது எந்தப் பக்கம் தள்ளுகிறது என்ற சந்தேகம் வந்தால் கொசுவர்த்தியைக் கொளுத்திப் பக்கத்தில் காட்டுங்கள், புகை சொல்லிவிடும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நண்பன் ஒருவன், “பக்கவாட்டுக் கதவைக் கழற்றிட்டு டேபிள் ஃபேனை வைலே, வேற ஒண்ணும் வேண்டாம்” என்றான். உண்மையில் இன்னும் ஐந்து டிகிரி குறைந்தது. ஆறாம் நாள் கிராபிக்ஸ் கார்டிலிருந்து கடகடவென்று சத்தம், பிறகு அமைதி, பிறகு கார்டு 88 டிகிரி. டார்ச் அடித்துப் பார்த்தால் விசிறி இதழில் பல்லி. வாலும் உடம்பும் தனித்தனியாக. சூடான, இருட்டான, பூச்சி வரும் இடம் பல்லிக்கு வேறெங்கே கிடைக்கும்? போர்டின்மேல் அதன் எச்சம் இரண்டு இடத்தில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது, ஈரம் பட்டால் அதுவே ஷார்ட் ஆக்கும். அன்றே கதவைப் பூட்டினேன். பின்பக்கம் கார்டு சொருகும் இடைவெளியை மூடுகிற தகட்டை முன்பு தூக்கிப்போட்டிருந்தேன், அதையும் தேடி எடுத்து முடுக்கினேன். எறும்புக்கும் அந்த ஓட்டைதான் வாசல்.

அடுத்து டவர் கூலர். ப்ராசசரோடு வந்த சின்னக் கூலர் வெறும் அலுமினியம், எங்கள் ஊர் ஏப்ரலுக்கு அது போதாது. நான்கு செம்புக்குழாயும் 120 மி.மீ. விசிறியும் உள்ள ஒன்றை நாகர்கோவிலில் வாங்கினேன். ‘வாட்டர் கூலிங் போடு’ என்று சொன்னவர்கள் உண்டு. டவரில் கெட்டுப்போகக்கூடியது விசிறி ஒன்றுதான், அதுவும் எங்கும் கிடைக்கும். நீர்க்குளிர்ப்பானில் பம்ப் நின்றால் அந்த நிமிடமே வேலை நிற்கும். கல்யாண ஆல்பம் கேட்டு வாசலில் ஆள் நிற்கிற தொழிலில் எனக்கு அது வேண்டாம்.

பழைய கூலரைக் கழற்றும்போது செய்த தப்பை இன்னும் கைகள் மறக்கவில்லை. நான்கு திருகையும் எடுத்துவிட்டு நேராக மேலே இழுத்தேன். சூடு கடத்துவதற்காக நடுவே தடவியிருந்த பேஸ்ட் காய்ந்து பசையாகி, ப்ராசசரையும் சேர்த்துச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. ஏஎம்4 என்ற இந்தச் சாக்கெட் வகை ப்ராசசருக்கு அடியில் 1331 கால்கள். அதில் ஓரத்தில் ஒன்று வளைந்து நின்றது. குச்சி எடுத்துவிட்ட 0.5 மெக்கானிக்கல் பென்சிலின் முனையை அந்தக் காலில் மாட்டி, மூச்சை அடக்கி, மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினேன். பிழைத்தது. நீங்கள் கழற்றுவதானால் முதலில் பத்து நிமிடம் கனமான வேலை ஒன்றை ஓடவிட்டுப் பேஸ்ட்டை இளக்குங்கள். பிறகு நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமும் பையத் திருகி, பிடி விட்டபின் தூக்குங்கள். புதுப் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும்.

இதற்குப் பிறகு செய்தவை இரண்டும் இலவசம், இரண்டையும் நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் ஈகோ மோட் என்று ஒன்று இருக்கிறது. 3600-க்கு 88 வாட் வரை போகும் மின்சாரத்தை அது 60 சொச்சத்துக்குக் கட்டுப்படுத்தும். ரெண்டர் 40-லிருந்து 43 நிமிடமானது, சூடு எட்டு டிகிரி இறங்கியது. ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கிராபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதமாக்கினேன். எடிட்டிங்கில் வித்தியாசமே தெரியவில்லை. ஆக மே நடுவில், 33 டிகிரி அறையில், ப்ராசசர் 68-ஐத் தாண்டவில்லை.

ரீஸ்டார்ட் மட்டும் நிற்கவில்லை!

68 டிகிரியில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டம் சட்டென்று அணைந்தால் சூட்டைக் குற்றம் சொல்ல முடியாது. அப்போதுதான் இது வேறு நோய் என்று மண்டையில் ஏறியது. விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று வரிசையாக இருந்தது. பலர் அதைப் பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்வார்கள். முறையாக மூடாமல் சிஸ்டம் நின்றது என்பதற்கு மேல் பெரும்பாலும் அது எதுவும் சொல்வதில்லை. ஆனால் நேரத்தைச் சொல்கிறது. பழைய டைரியில் நேரங்களை எழுதிப் பார்த்தேன். பதினொன்றில் ஒன்பது, மாலை ஏழுக்கும் ஒன்பதரைக்கும் நடுவே.

2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்துப் பல நாள் இருட்டில் கிடந்தபிறகு எங்கள் தெருவில் பாதிப்பேர் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். நாங்களும் அப்படித்தான். லைட்டும் ஃபேனும் எரிந்தால் போதும் என்று வாங்கியது. பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு, ‘யுபிஎஸ்’ ஒரு பக்கம், ‘நார்மல்’ மறுபக்கம். நார்மலில் கரண்ட் போனதும் மாறிக்கொள்ள எடுக்கும் நேரம் அதிகம். ஃபேனுக்கு அது தெரியவே தெரியாது. கம்ப்யூட்டருக்குத் தெரியும். எஸ்.எம்.பி.எஸ் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டர், மின்சாரம் அற்றபின்னும் முழு லோடில் ஏறத்தாழ 16 மில்லி வினாடி தாங்க வேண்டும் என்பது ஏடிஎக்ஸ் என்ற கம்ப்யூட்டர் தரநிலையின் விதி. அதற்குள் இன்வெர்ட்டர் வந்து பிடிக்காவிட்டால் திரை கறுக்கும். மாலையில் எல்லா வீட்டிலும் மோட்டாரும் மிக்சியும் ஓடும்போது எங்கள் லைன் துடிக்கும், பல்பு கண் சிமிட்டும். அந்தச் சிமிட்டல்தான் எனக்கு ரீஸ்டார்ட்.

2020, 2021-இலும் அதே சுவிட்ச் அதே இடத்தில்தானே இருந்தது, அப்போது ஏன் வரவில்லை? என் ஊகத்தைச் சொல்கிறேன். மரக்கூட்டுக்குள் இரண்டு வருடம் வெந்தது ப்ராசசர் மட்டுமல்ல, எஸ்.எம்.பி.எஸ்ஸும்தான். அதிலிருக்கும் எலக்ட்ரோலிட்டிக் வகைக் கெப்பாசிட்டர்களுக்கு வேலைச்சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. வயதான கெப்பாசிட்டர் முன்போல் தாங்காது. ஆகவே சூட்டுக்கும் ரீஸ்டார்ட்டுக்கும் உறவே இல்லை என்றும் சொல்லமாட்டேன். உறவு நான் தேடிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான். எஸ்.எம்.பி.எஸ்ஸைத் திறந்து பார்க்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும்.

சுவிட்சை யுபிஎஸ் பக்கம் தள்ளினேன், ரீஸ்டார்ட் நின்றது. புதுத் தலைவலி வந்தது. அந்த நிலையில் எங்கள் இன்வெர்ட்டர் 180 வோல்ட்டுக்குக் கீழே போனால் லைனை விட்டுப் பேட்டரிக்கு மாறும். மாலையில் எங்கள் வோல்டேஜ் 175-க்கும் 190-க்கும் நடுவே ஊசலாடியது. டக், டக் என்று நிமிடத்துக்கு நாலு தரம் மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் இன்வெர்ட்டரைப் பழையபடி நார்மலில் விட்டுவிட்டு, சிபியுவுக்கென்று தனியாக 1 கேவிஏ லைன் இன்டராக்டிவ் யுபிஎஸ் வாங்கினேன். வோல்டேஜ் குறைந்தால் பேட்டரியைத் தொடாமலே தூக்கிக் கொடுக்கும் வகை. எங்கள் இன்வெர்ட்டர் லைன் கரண்டைப் போலவே வளைந்த அலையாகக் கொடுக்கும் சைன் வேவ் வகை என்பதால் இரண்டும் ஒத்துப்போகின்றன. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டருக்குப் பின்னால் இப்படி யுபிஎஸ் மாட்டினால் பெரும்பாலும் அதை லைன் என்றே ஏற்றுக்கொள்ளாது. வாங்கும்போது கேவிஏ எண்ணில் மயங்காமல் வாட் எவ்வளவு என்று கேளுங்கள். என்னுடைய 1 கேவிஏ கொடுப்பது 600 வாட்தான்.

யுபிஎஸ் மாட்டிய அன்று அறையைத் துடைக்க வந்த மனைவி, “இங்க பாருங்க, இந்தச் சிபியு கடிக்குது” என்றாள். ஈரக்காலோடு கேபினட்டைத் தொட்டிருக்கிறாள். டெஸ்டர் வைத்தால் பளிச்சென்று எரிகிறது. எனக்கு இது புதிதல்ல, செருப்புப் போட்டே உட்கார்ந்து பழகிவிட்டேன். வெட்கக்கேடு. எஸ்.எம்.பி.எஸ்ஸின் உள்வாயிலில் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் கேபினட்டோடு சேர்ந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் லைன் வோல்டேஜில் ஏறக்குறைய பாதி கேபினட்டின்மேல் நிற்கும். அளவு சிறிது, ஆனால் கடிக்கும்.

மாமா வந்து பார்த்தார். அவர் வள்ளங்களுக்கான அவுட்போர்டு எஞ்சின் பழுதுபார்ப்பவர், வீட்டு வயரிங்கும் தெரியும். சுவிட்ச் பெட்டியில் எர்த் வயர் ஒழுங்காகத்தான் இருந்தது. கொல்லைப்புறம் போய், தென்னை மூட்டில் புதைத்திருந்த எர்த் பைப்பைக் காலால் லேசாகத் தட்டினார். மண்மட்டத்தில் ஒடிந்து சாய்ந்தது. உப்பு மணல் அதைச் சல்லடையாகத் தின்றிருந்தது.

“நாம கடலுக்க அவ்வளவு பக்கத்துல இல்லியே மாமா” என்றேன்.

“எலே மக்கா, உப்புக்கு வெள்ளம் வேண்டாம், காத்து போதும். எஞ்சினுக்க மேல கேறுது, உனக்க சிபியுவுல கேறாதா?”

புதுப் பைப், கரி, உப்பு, கூடவே கோடையில் வாரம் ஒரு வாளித் தண்ணீர். கடி நின்றது. வெளியே மாட்டும் ஹார்ட் டிஸ்க் அவ்வப்போது தானாக அறுந்துபோவதும் நின்றது. இரண்டாவதற்கு எர்த்தான் காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் அதற்குப் பிறகு வரவில்லை.

மாமா சொன்னதைக் கேட்டுச் சிபியுவைத் திறந்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பின்பக்க யுஎஸ்பி வாய்களில் துரு. கிராபிக்ஸ் கார்டின் அலுமினியத் தகடுகளில் மாவு தூவியது போல வெள்ளை. மதுரையில் என் சித்தப்பா மகன் வீட்டு சிபியுவில் இருப்பது ஊதினால் பறக்கிற தூசி. இங்கே கச்சான் என்ற மேல்காற்று அடிக்கும் மாதங்களில் வருவது தூசியும் உப்பும் ஈரமும் சேர்ந்த அப்பம். ஊதினால் போகாது. அது மழைநாளில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு காண்டாக்ட்டுக்கு நடுவே அப்படி ஒரு ஈரப்படலம் இருந்தால் சிஸ்டம் என்னென்ன கூத்து ஆடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஊதினால் போகாது என்று தெரியாத காலத்தில் ஜூன் மாதம் ஒருநாள் சிபியுவைப் பைக்கில் வைத்துப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனேன். கம்ப்ரசர் காற்று பலமாக வருமே என்று. முதல் அடியிலேயே போர்டு முழுக்கப் பன்னீர் தெளித்தது போல ஈரம். சாரல் மாதத்துக் காற்றை அழுத்தினால் அதிலிருக்கும் நீராவி தொட்டியில் தண்ணீராகத் தேங்கும், அதுவும் கொஞ்சம் எண்ணெயும் சேர்ந்துதான் குழாயில் வரும். பிளக் கையில்தான் இருந்தது என்பதால் தப்பினேன். இரண்டு நாள் ஃபேனுக்குக் கீழே காயவைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, பிறகே ஆன் செய்தேன். இப்போது பழைய ஷேவிங் பிரஷ்தான் என் கருவி. பிரஷ்ஷால் கிளறிவிட்டு, சின்ன கை புளோயரால் ஊதுவது. ஊதும்போது விசிறி இதழை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், சுற்றவிட்டால் பேரிங் கெடலாம்.

அதே வருடம் அக்டோபரில், மழைக்காலத்தில், ஒன்பது நாள் ஊரில் இல்லை. வந்து பொத்தானை அழுத்தினால் விசிறிகள் சுற்றுகின்றன, திரையில் ஒன்றும் இல்லை. முன்பானால் எதையாவது வாங்கக் கிளம்பியிருப்பேன். ராமைக் கழற்றிப் பார்த்தேன். தங்கமுலாம் பூசிய விளிம்பில் மங்கலாகப் படலம். ஆல்கஹால் தொட்ட பருத்தித் துணியால் துடைத்துத் திரும்பக் குத்தியதும் எழுந்துவிட்டது. ரப்பர் போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள், முலாமும் தேயும், துகள் சாக்கெட்டுக்குள் விழும், எனக்கு அது பிடிக்கவில்லை. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மழைக்காலத்தில் தினமும் ஒரு மணி நேரமாவது சிஸ்டத்தை ஓடவிடுகிறேன். சூடாக இருக்கும் பொருளின்மேல் ஈரம் தங்காது. கோடையில் சூட்டை விரட்டியவன் இப்போது வேண்டுமென்றே சூடாக்குகிறேன்.

ஏசி அறை வைத்திருப்பவர்கள் கவனிக்க ஒன்று. நாகர்கோவிலில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர், வேலை முடிந்ததும் ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுவார். குளிர்ந்து கிடக்கும் கேமரா லென்ஸ் உடனே புகையடித்தது போல மூடிக்கொள்ளும். அணைத்து வைத்த சிபியுவின் உள்ளேயும் அதேதான் நடக்கும், கண்ணுக்குத் தெரியாது. அறை மெல்லச் சூடேறட்டும், பிறகு ஜன்னல்.

இன்னொரு 16 ஜிபி ராம் வாங்கி நான்கு பட்டியாக்கியபோது நடுநடுவே நீலத்திரை வந்தது. அது சூடும் இல்லை, உப்பும் இல்லை. ராமை வழக்கத்தைவிட வேகமாக ஓடவைக்கும் அமைப்பு எக்ஸ்எம்பி. 3600 மெகாஹெர்ட்ஸ் எக்ஸ்எம்பியை நான்கு பட்டியோடு அந்தப் போர்டு தாங்கவில்லை. 3200-க்கு இறக்கி, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஒரு இரவு முழுக்க ஓடவிட்டு, பிழை பூஜ்யம் என்று பார்த்தபின்தான் அதில் கல்யாண ஃபைலை ஏற்றினேன்.

போன மார்ச்சில் தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடித்தோம். இரவு ஒன்பது மணி வெப்பம் 33-லிருந்து 31 ஆகியிருக்கிறது. அந்தச் செலவில் இரண்டு கூலர் வாங்கலாம், ஆனால் கூலர் தூங்குகிற பிள்ளைகளுக்குக் காற்று தராது. டைரியில் மாதம் ஒரு வரி எழுதுகிறேன்: அறை வெப்பம், ரெண்டரில் ப்ராசசர் வெப்பம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். வித்தியாசம் 35-ஐ ஒட்டி இருக்கும்வரை கை வைப்பதில்லை. 40-ஐத் தாண்டினால் வலையைக் கழுவி, அதிலும் இறங்காவிட்டால் பேஸ்ட் மாற்றுவேன்.

பின்பக்க யுஎஸ்பி வாய்களில் இரண்டு செத்தேவிட்டன, துரு முற்றிவிட்டது. அடுத்த சிஸ்டத்தை மாடியில் வைக்கக்கூடாது, கீழே கிழக்குப்பக்க அறையில், கடல்காற்று நேரே அடிக்காத இடத்தில் வைக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். அது சாமான் அறை. மனைவியிடம் இன்னும் கேட்கவில்லை.